சலூன்காரர் ஏன் குதித்தார்?

அத்தியாயம் 4

"நான் வாழ்க்கையில ஒரு தடவைகூட சூதாடினதில்ல மேடம். ஆனா நான் ஜெயிச்சதை ஊரே பார்த்துடுச்சு."

இப்படி ஒரு விசித்திரப் புகாரோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர் ஒரு சலூன்காரர். நடுத்தர வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பின்கழுத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி வெட்டிய முடி. அன்று ஊரில் சலூன்களுக்கெல்லாம் வார விடுமுறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவருக்கு உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும்.

"தோத்தவங்கதான் இங்க வருவாங்க. ஜெயிச்சவர் நீங்கதான் முதல்ல. அண்ணி, ஃபீஸை இப்பவே பேசிடலாமா?" என்றேன்.

அண்ணி ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி என்றால் நிஜமாகவே என் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் பார்த்தவர். யாராவது பொய் சொன்னால் அவருக்குக் கோபம் வராது, பசி எடுத்தவனுக்கு முன்னால் இலை போட்டதுபோல முகம் மலரும். வேலையை விட்டுவிட்டு, பூட்டு ரிப்பேர் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் தொடங்கினார். அப்போது எனக்கு வேலை போயிருந்தது. "சும்மாதானே இருக்கே, வண்டியை எடு" என்றார். அதுதான் என் நியமன உத்தரவு. இன்றுவரை சம்பள உத்தரவு வரவில்லை.

"வீடியோவைக் காட்டுங்க" என்றார் அண்ணி.

சலூன்காரர் போனை நீட்டினார். திரையில் ஒரு தங்க நிறப் பம்பரம் சுற்றி நின்றது. சில்லறை கொட்டும் சத்தம். அடுத்த நொடி நம் சலூன்காரர் தோன்றினார். முழங்கால் மார்பில் முட்டுகிற மாதிரி ஒரு குதி. கீழே வந்து மறுபடி ஒரு குதி. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதாக இன்னொன்று. வாய் இரண்டு காதையும் விசாரித்துவிட்டு வந்தது. பின்னாலிருந்த சுவர் எல்லாம் மங்கலாக்கப்பட்டிருந்தது. பணம் வைத்து ஆடும் போன் கேமுக்கு விளம்பரம் அது. மேலே பெரிய எழுத்தில், 'சாதாரண மனிதர். தங்கப் பம்பரம் தந்த வாழ்வு. நாளை நீங்கள்.'

"நல்ல குதி. முட்டி வலிக்கலையா?" என்றேன்.

"அது இருக்கட்டும் சார். இது வந்ததுலேர்ந்து நான் 'விளையாடலை'ன்னு சொன்னா அடக்கம்கிறாங்க. 'ஜெயிக்கலை'ன்னா அழுத்தக்காரன்கிறாங்க. என் கையால முடி வெட்டிக்கிட்டா ராசின்னு பாலத்தைத் தாண்டி வர்றாங்க. மொட்டைத் தலைக்காரர் ஒருத்தர் வந்து, சும்மா கத்திரியைக் காத்துல ஆட்டுங்க போதும்னு உட்கார்ந்திருக்கார்."

எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் தெருவிலேயே கதை தெரியும். முன்பு சீட்டாடுகிறவர்கள் லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய் ஆடுவார்கள். பெண்டாட்டி வருகிற சத்தம் கேட்டால் சுவர் ஏறிக் குதிப்பார்கள். இப்போது அதே ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் பட்டப்பகலில் ஆடுகிறார்கள், பெண்டாட்டி பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறாள். சூதாட்டம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள், கேம் என்றால் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். எல்லாம் இந்தக் குதிகள் செய்த வேலை. நாளுக்கு நூறு பேர் போனுக்குள் ஜெயித்துக் குதித்தால், வெளியே நிற்கிறவனுக்குத் தான் மட்டும்தான் ஏமாளி என்று தோன்றிவிடுகிறது.

"ராசி வந்தா வியாபாரத்துக்கு நல்லதுதானே. உங்களுக்கு என்ன கஷ்டம்?" அண்ணி கேட்டார்.

சலூன்காரரின் முகம் தொங்கிப் போனது.

"எங்க அக்கா மேடம். என்னை வளர்த்ததே அவங்கதான். சொந்தமா ஒரு லாண்டரி வெச்சிருக்காங்க. இந்த வீடியோவைப் பார்த்துட்டு, 'என் தம்பிக்கே கொட்டியிருக்கு'ன்னு கடையை அடமானம் வெச்சுப் பணத்தைப் போன்ல ஏத்திட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு 'தங்க நேரம்'னு ஒண்ணு இருக்காம். மொத்தத்தையும் ஒரே சுத்துல வைக்கப் போறாங்க. நான் ஜெயிக்கலைன்னு தலையில அடிச்சுச் சொல்லியும் நம்பலை. பங்கு கேட்டுடுவேனோன்னு மறைக்கிறியான்னு சிரிக்கிறாங்க."

"அப்போ நீங்க எங்க, எதுக்குக் குதிச்சீங்கன்னு காட்டிட்டா முடிஞ்சுது."

"அது வேண்டாம்." சட்டென்று சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அதாவது, எனக்கு ஞாபகமே இல்ல மேடம். அந்தப் பக்கத்துல நூறு பேர் குதிக்கிறாங்க. எவனையாவது பிடிச்சு, பொய்னு நிரூபிச்சுக் குடுங்க. என்னோடதை மட்டும் தோண்ட வேண்டாம்."

"சரி. கடைசியா ஒண்ணு. உங்களுக்கு முடி வெட்டுறது யாரு?"

"நானேதான், கண்ணாடியைப் பார்த்து."

அண்ணியின் முகம் மலர்ந்தது. இலை போட்டாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அவர் படியிறங்கிப் போனதும் அண்ணி கேட்டார். "எத்தனை பொய்?"

"ஒண்ணு. அவ்வளவு குதிச்சவனுக்கு ஞாபகம் இல்லாம இருக்காது. எனக்கு ஒரு தடவை பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சது. அதையே மறக்கலை."

"ரெண்டு. அவர் பின்கழுத்தைப் பார்த்தியா? கழுத்துல கண் முளைச்சாத்தான் அப்படி ஒரு கோடு சொந்தமா வெட்டிக்க முடியும். இப்ப இதைப் பார்."

வீடியோவை நிறுத்தினார். குதியின் உச்சத்தில் நின்றார் சலூன்காரர். கழுத்தைச் சுற்றி ஒரு துணி, பின்னால் பறந்தது.

"இது சலூன் துணி" என்றேன்.

"யார் கழுத்துல கட்டுவாங்க?"

"கஸ்டமர் கழுத்துல." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. "அட, இவரே கஸ்டமரா உட்கார்ந்திருக்கார்."

"ஊருக்கெல்லாம் முடி வெட்டுறவருக்கும் ஒருத்தர் வெட்டியாகணும். அந்த ஆளோட கடையிலதான் இவர் குதிச்சிருக்கார். நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு துணி. அதைப் பிடிச்சுக்கிட்டே போவோம்."

"ஊர்ல எத்தனை சலூன் இருக்கு தெரியுமா அண்ணி? இந்தத் துணியைக் காட்டி ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினா அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தாடியே வளர்ந்துடும்."

அண்ணி படத்தைப் பெரிதாக்கினார். துணியின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது. பிறகு எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பின்பக்கம் புரட்டினார். அங்கே ஒரு நீல நூல் முடிச்சு இருந்தது. லாண்டரிக்காரர்கள் யார் துணி என்று அடையாளம் தெரிய நூல் கட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதைச் சட்டையில் பார்த்திருக்கிறேன், மூளையில் பார்த்ததில்லை.

"லாண்டரி வெச்சிருக்கிற அக்காவோட தம்பி. அவரோட சிநேகிதன் துணியை வேற எங்க போடப் போறான்? வண்டியை எடு. ரெண்டு சட்டையும் எடுத்துக்க."

"நான் போட்டிருக்கிறதையும் சேர்த்தா?"

அண்ணி அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். முன்னெச்சரிக்கையாக வேறு சட்டைகளை எடுத்துக்கொண்டேன்.

*

லாண்டரியில் ஐந்து பெரிய மெஷின்கள் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். அந்த அக்கா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, போர்வைகளை இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தார். சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போனில், யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு டிரைவர், யாரோ ஒரு வாத்தியார் என்று வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள்லாம் யாருங்க?" அண்ணி எதுவும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"ஜெயிச்சவங்க. இந்தா, இதான் என் தம்பி." அக்கா மடிப்பை விட்டுவிட்டுப் போனைத் தள்ளித் தள்ளி அவருடைய வீடியோவுக்கு வந்தார். "பாருங்க எப்படிக் குதிக்கிறான்னு. சின்ன வயசுலகூட இப்படிக் குதிச்சதில்ல. எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது."

"சூதாட்டம் தப்பில்லையாக்கா?" நான் நடுவில் புகுந்தேன்.

"அப்படித்தான்பா நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். சீட்டாடுறவன்னா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டோம். இப்ப பாரு, படிச்சவங்க, உத்தியோகத்துல இருக்கிறவங்க, எல்லாரும் முகத்தைக் காட்டிக்கிட்டு ஆடுறாங்க. தப்பான காரியம்னா இத்தனை பேர் முகத்தைக் காட்டுவாங்களா?"

"தோத்தவங்க யாராவது முகத்தைக் காட்டியிருக்காங்களா?" அண்ணி கேட்டார்.

"தோத்தவன் எதுக்கு வீடியோ எடுக்கப் போறான்?" என்று சிரித்தார் அக்கா. தான் சொன்னது தன் காதிலேயே விழவில்லை அவருக்கு. மெஷின் சத்தம் அப்படி.

நான் சட்டைகளை நீட்டினேன். "ஒண்ணும் அவசரமில்லக்கா. ஊருக்குப் போறோம். அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறோம்."

அக்காவின் கை சட்டையை வாங்காமல் நின்றது. "அடுத்த மாசம்னா எடுக்கிறதில்லப்பா. நாளான்னைக்கு வாங்கிக்கிறதா இருந்தா குடு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"போன தடவை எங்க மூட்டையில பச்சை நூல் கட்டின துணி ஒண்ணு கலந்து வந்துடுச்சு. யாரோடதுன்னு சொன்னீங்கன்னா குடுத்துடறோம்" என்றார் அண்ணி. பொய்யைப் பிடிக்கிறவர்கள் பொய் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

"பச்சையா? ஸ்டைல் கிங். பாலம் தாண்டி முதல் சந்துல சலூன் வெச்சிருக்கான். என் தம்பிக்கு ரொம்ப வேண்டியவன்."

வாசலைத் தாண்டியதும் அண்ணி சொன்னார். "வேகமா ஓட்டு. அந்த அம்மா பணத்துக்கு ஆசைப்பட்டு ஆடலை."

"பின்னே?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

*

பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லா சலூன்களும் பூட்டியிருந்தன. 'ஸ்டைல் கிங்' மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தது. ஊருக்கு லீவு விடுகிற நாளில்தானே சலூன்காரர்கள் ஒருவர் தலையை ஒருவரிடம் கொடுக்க முடியும். நாங்கள் குனிந்து உள்ளே போனோம். நான் நிமிர்ந்தது கொஞ்சம் சீக்கிரமாகிவிட்டது. ஷட்டர் என் தலையை அறிமுகம் செய்துகொண்டது.

உள்ளே கிங் தன் தலைக்குத் தானே மை பூசிக்கொண்டு, சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் அதே துணி, ஓரத்தில் பச்சை முடிச்சு. கண்ணாடிக்கு மேலே ஒரு கம்பியில் போன் மாட்டும் பிடி இருந்தது. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முகம் நேராக அதில் விழும்.

"இன்னைக்கு லீவு சார்" என்றார்.

"தெரியும். லீவு நாள்ல இந்த நாற்காலியிலேர்ந்து ஒருத்தர் குதிச்சாரே, அதைப் பார்க்க வந்தோம்" என்றார் அண்ணி.

கிங்கின் நெற்றியில் மை வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"மேடம், போலீஸா?"

"அதைவிட மோசம். இன்ஷூரன்ஸ்" என்றேன்.

அதற்குமேல் அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொட்டிவிட்டார். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் முகத்தைப் படமெடுத்துக் கடைப் பக்கத்தில் போடுவது அவர் வழக்கம். அதைப் பார்த்து ஒரு ஏஜென்ட் பேசியிருக்கிறான். முடி வேண்டாம், முகம் போதும்; யாராவது வாய்விட்டுச் சிரித்தால், துள்ளினால், அந்தத் துண்டை மட்டும் அனுப்பு, காசு தருகிறேன் என்று.

"சந்தோஷத்துக்கு நல்ல ரேட் மேடம். சிரிப்புக்கு ஒண்ணு, குதிக்கிறதுக்கு ரெண்டு பங்கு. அழுகையை எவனும் வாங்கறதில்ல. கல்யாண மாப்பிள்ளைங்க நாலு பேர், பரீட்சை பாஸானவன் ஒருத்தன், பெண்டாட்டி ஊருக்குப் போன சந்தோஷத்துல சிரிச்சவர் ஒருத்தர். எல்லாரையும் அவங்க பம்பரத்துல சேர்த்துக்கிட்டாங்க."

"சிநேகிதனையே வித்துட்டீங்க."

கிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வார்த்தையை அளந்து பேசுங்க மேடம். அவன் அன்னைக்கு ஒரு விஷயம் சொல்லி, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினான். நான் வாக்கு மாறலை. சத்தத்தை எடுத்துட்டுத்தான் வித்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கிங்கின் மடியில் கிடந்த இன்னொரு போனையே பார்த்தார். அதில் தங்கப் பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்களும் ஆடுறீங்களா?"

"ஏதோ, கொஞ்சம். வர்றதெல்லாம் அதுக்குள்ளதான் போகுது."

"அதுல குதிக்கிறவங்களை நீங்கதான் செஞ்சு அனுப்புறீங்க."

"நான் அனுப்பினது ஏழெட்டுதான் மேடம்" என்றார் கிங், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "மத்தவங்கள்லாம் நிஜமா ஜெயிச்சவங்கதானே."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மைதா வாங்கி மாத்திரை என்று விற்கிறவன், காய்ச்சல் வந்ததும் அடுத்த கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிற மாதிரி இருந்தது. இவரே இப்படி நம்பினால், லாண்டரி அக்காவை எப்படிக் குற்றம் சொல்வது?

"சத்தத்தோட இருக்கிற முழு வீடியோ எங்க?" என்று கேட்டார் அண்ணி.

"அது அவன் ரகசியம். தரமாட்டேன்."

"அவரோட அக்கா அஞ்சு மணிக்குக் கடையை அந்தப் பம்பரத்துல வைக்கப் போறாங்க. அவர் குதிச்சதைப் பார்த்துத்தான்."

கிங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மை காதில் இறங்கியது. பிறகு போனில் தேடி எடுத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நீட்டினார்.

ஏஜென்ட்டுக்குப் போகாத முன்பகுதி அதில் இருந்தது. சலூன்காரர் துணி கட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையிலுள்ள போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். உங்க அக்காவோட கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினோமே, ரிசல்ட் வந்துடுச்சு. புற்றுநோய் இல்லைங்க. வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒண்ணுமே இல்ல." இரண்டு நொடி அசையாமல் இருக்கிறார் மனிதர். அப்புறம் குதிக்கிறார்.

பம்பரமும் இல்லை, சில்லறைச் சத்தமும் இல்லை. "எங்கக்கா, எங்கக்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார்.

*

நான் ஓட்டின வேகத்துக்கு ஸ்கூட்டருக்கே ஆச்சரியம். பின்சீட்டிலிருந்து அண்ணி போனில் சலூன்காரரைப் பிடித்தார். எங்களுக்கு முன்பே அவர் லாண்டரி வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"மேடம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அதை மட்டும் அக்காகிட்ட போடாதீங்க. வாயுக் கோளாறுன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்படி ஒரு சந்தேகம் இருந்துச்சுன்னு தெரிஞ்சாலே உடைஞ்சு போயிடுவாங்க. அதான் உங்ககிட்ட மறைச்சேன்."

"கடை போனாலும் பரவாயில்லையா?"

"கடை போனா உழைச்சுக்கலாம். அக்கா பயந்துட்டா என்ன பண்றது?"

"உங்க அக்கா அடுத்த மாசத்துக்குத் துணி எடுக்கறதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உள்ளே அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திரையில் கடிகார முள் ஒன்று ஐந்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். தம்பியைப் பார்த்ததும், "வந்துட்டியா? நீ பக்கத்துல இருந்தா ராசி" என்று கத்தினார்.

அண்ணி முழு வீடியோவை ஓடவிட்டார். ஐந்து மெஷின்கள் போட்ட இரைச்சலில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. "அணை" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். எந்த மெஷினுக்கு எந்தப் பொத்தான் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றை அழுத்தினேன், அது இன்னும் வேகமாகச் சுற்றியது. இன்னொன்றை அழுத்தினேன், என் பேன்ட்டில் தண்ணீர் பீய்ச்சியது. கடைசியில் ஓடிப்போய் மெயினைப் பிடித்து இழுத்தேன். விளக்கு, விசிறி, மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின.

அந்த அமைதியில் ஆஸ்பத்திரிக் குரல் தெளிவாகக் கேட்டது. "புற்றுநோய் இல்லைங்க. வெறும் கொழுப்புக் கட்டி."

சலூன்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அக்கா அசையவில்லை. குதிகள் முடிந்து வீடியோ நின்ற பிறகும் திரையையே பார்த்தார். "இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டோம். அந்தக் குரல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்போ எனக்கு நிஜமாவே ஒண்ணுமில்லையா?" என்றார்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?" தம்பியின் குரல் உடைந்தது.

"வாயுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனே. வாசல்ல ஆள் உசரத்துக்குப் போர்டு வெச்சிருக்கான், என்ன ஆஸ்பத்திரின்னு. எனக்குப் படிக்கத் தெரியாதாடா? டெஸ்டுக்கு முன்னாடியும் 'ஒண்ணுமில்லக்கா'ன்னே. டெஸ்டுக்கு அப்புறமும் அதே மூஞ்சியை வெச்சுக்கிட்டு 'ஒண்ணுமில்லக்கா'ன்னே. எந்த ஒண்ணுமில்லையை நான் நம்பறது? சரி, நாள் எண்ணிக்கிட்டிருக்கோம், பையன் மறைக்கிறான்னு நானும் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். நீ பயந்துடக் கூடாதுல்ல."

"எதுக்குக்கா கடையை வெச்சே?"

"நான் போயிட்டா உனக்கு யாருடா இருக்கா? நீ ஜெயிச்சது என் வைத்தியத்துக்கே போயிடும்னு நினைச்சேன். மூணு நாற்காலி போட்ட சொந்தக் கடையா ஒண்ணு வெச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். உனக்குத்தான் ராசி இருக்கே, அந்த ராசி எனக்கும் கொஞ்சம் ஒட்டாதான்னு."

ஒருவரை ஒருவர் பயமுறுத்தக் கூடாதென்று இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு பெரிய பயத்தை வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது, எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது.

அக்காவின் போன் அலறியது. ஐந்து மணி. பம்பரம் தன்னால் சுற்ற ஆரம்பித்தது. 'தங்க நேரம், தங்க நேரம்' என்று ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்தோம். அக்கா பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, மெயினை அணைச்ச மாதிரி இதையும் அணைச்சுடு. நாளைக்குக் காலைல முதல் வேலையா, இதுல இன்னும் ஆடாம கிடக்கிற பணத்தைத் திரும்ப எடுத்துக் கட்டிக் கடையை மீட்டுக்கணும். எனக்கு நிறைய நாள் இருக்கு, கடை வேணும்."

நான் அணைத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று அண்ணி இன்றும் சொல்வார்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, முதுகில் சத்தம் வருகிற மாதிரி ஒன்று வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்காகவா அவ்வளவு உசரம் குதிச்சே?"

"ஆமாக்கா."

"எங்க, என் முன்னாடி ஒரு தடவை குதி."

"இங்கயா? இவங்கள்லாம் இருக்காங்களேக்கா."

"ஊரே பார்த்தாச்சு. பார்க்க வேண்டியவ மட்டும் பார்க்கலை. குதிடா."

சலூன்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு குதி குதித்தார். அது குதியே இல்லை, தண்ணீர்க் குட்டையைத் தாண்டுவதுபோல இருந்தது. "இன்னும் மேல" என்றார் அக்கா. இரண்டாவது குதியில் முழங்கால் மார்பைத் தொட்டது. மூன்றாவதில் அக்காவும் சேர்ந்துகொண்டார். தலைமேல் இருந்த மூக்குக்கண்ணாடி பறந்து போய் ஈரத்துணிக் கூடையில் விழுந்தது. எனக்கும் கால் நிற்கவில்லை. நனைந்த பேன்ட்டோடு நானும் குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை, ஆனால் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கியதை நான் பார்த்தேன்.

அழுக்குத் துணிப் பையோடு ஒரு கஸ்டமர் வாசலில் வந்து நின்றார். இருட்டுக் கடைக்குள் மூன்று பேர் குதித்துக்கொண்டிருப்பதைக் கண்டு கொஞ்சம் திகைத்தார். உடனே பையைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"பம்பரமா? எவ்வளவு விழுந்துச்சு?"

அண்ணி போய் அவர் போனை உள்ளங்கையால் மூடினார். "பம்பரம் இல்லைங்க. இவரோட அக்கா நல்லா இருக்காங்க."

கஸ்டமர் எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"அதுக்கா இவ்வளவு குதி?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, சலூன்காரர் மறுபடியும் குதித்தார்.